ஆக்மென்டட் கார்டுக்குன்னே மூணு சனிக்கிழமை கிட்டார் கிளாஸ், போய்ட்டு வந்து எழுதுறேன்

போன கிறிஸ்துமஸ் ப்ராக்டிஸ்ல எங்க சர்ச் குழுவுல ஒரு இடம் மட்டும் ஒட்டவே இல்ல. சரணம் முடிஞ்சு கோரஸுக்கு திரும்புற இடத்துல கீபோர்டு அண்ணா ஜி பிளஸ் வாசிக்கிறார், நான் சாதா ஜி அடிக்கிறேன், ரெண்டும் சேர்ந்தா காது கூசுது. ஷீட்ல ஜி எழுத்துக்கு பக்கத்துல சின்னதா ஒரு பிளஸ் குறி இருக்கு, அது ஆக்மென்டட் கார்டுக்கான குறின்னு தெரியாம மூணு வாரம் சாதா ஜி-யே வாசிச்சிருக்கேன் (கார்டுன்னா சில நோட்டுங்கள ஒன்னா சேர்த்து அடிக்கிறது). அவர் கைல டி ஷார்ப், என் கிட்டார்ல ஓபன் டி ஸ்ட்ரிங், அதாவது அமுக்காம விட்ட கம்பி, ஒரே ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல ஒரு கட்டம்) வித்தியாசத்துல ரெண்டு நோட்டும் ஒன்னா கேட்டா வேற எப்படி இருக்கும். அண்ணா கோவப்படல, "தம்பி அந்த ஒரு இடத்துல நீ கைய எடுத்துடு, நான் பாத்துக்கறேன்"னு மட்டும் சொன்னார். அது தான் மனசுல நின்னுடுச்சு, அந்த ஒரு இடத்தை ஒழுங்கா கத்துக்கணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல பணம் போனது ஒரு கார்டு சார்ட்ல, 90 ரூபா. அதுல ஆக்மென்டட்னு ஒரு வரிசை, சி-ல ஆரம்பிச்சு பி வரைக்கும் 12 கட்டம், 12 படம். அப்புறம் போன்ல ஒரு கார்டு ஆப் போட்டேன், அது ஒவ்வொரு கார்டுக்கும் அஞ்சு அஞ்சு பொசிஷன் காட்டுது, அப்போ 60 ஷேப், அதாவது விரல் வைக்கிற அமைப்பு. ரெண்டு வாரம் உக்காந்து மனப்பாடம் பண்ணேன், ஷேப் கைக்கு வந்துச்சு, ஆனா தனியா அடிச்சு கேட்டா அந்தரத்துல தொங்குற மாதிரி ஒரு சத்தம், இத எங்க போடணும் எதுக்கு அப்புறம் வரணும்னு சார்ட்டும் சொல்லல ஆப்பும் சொல்லல. முன்னாடி ஒரு வருஷம் போன கிளாஸ்ல கேட்டப்போ "அதெல்லாம் ஜாஸ் வாசிக்கிறவங்களுக்கு, உனக்கு இப்ப வேணாம்"னு சொல்லிட்டாங்க. அந்த பதில் தப்புன்னு இப்ப நிச்சயமா சொல்வேன், ஏன்னா இந்த கார்டு பழைய சர்ச் பாட்டுலயும் வரும், ராக் அண்ட் ரோல்லயும் வரும், சினிமா பாட்டுலயும் வரும்.

அப்புறம் கீபோர்டு அண்ணா தான் ஒரு மாஸ்டர் பத்தி சொன்னார். வேளச்சேரி பக்கம் ஒரு வீட்டு மாடில சொல்லிக்கொடுக்கறவர், வாசல்ல போர்டு கிடையாது, தெரிஞ்சவங்க மூலமா தான் ஆள் சேர்றாங்க, அதனால பேரும் அட்ரஸும் இங்க போடல. அவர் அப்பப்போ ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டு மூணு சனிக்கிழமை நடத்துறார், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 1,500 ரூபா. இந்த தடவை விஷயம் ஆக்மென்டட் கார்டு. எங்க பேட்ச்ல அஞ்சு பேர், ஒன்பதாவது படிக்கிற ஒரு பாப்பா, பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு சார், காலேஜ் பசங்க ரெண்டு பேர், நான்.

முதல் கிளாஸ்ல ஆக்மென்டட்ங்கற வார்த்தையே அரை மணி நேரம் வரல. எல்லாரையும் சாதா ஓபன் சி மேஜர் பிடிக்க சொன்னார், மோதிர விரல் ஏ ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட், நடு விரல் டி ஸ்ட்ரிங் 2, ஆள்காட்டி பி ஸ்ட்ரிங் 1, எல்லாருக்கும் தெரிஞ்சது தான். அப்படியே நாலு தடவை ஸ்ட்ரம் பண்ண சொல்லிட்டு, "இப்ப ஆள்காட்டி விரல மட்டும் லேசா சாச்சு பக்கத்துல இருக்கற ஜி ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அமுக்குங்க, வேற எதையும் அசைக்காதீங்க"ன்னார். பண்ணோம். சத்தம் சட்டுனு மாறுது, வெளிச்சமா இருந்த இடத்துல ஏதோ ஒன்னு மேல இழுக்குது. அங்கயே நிறுத்த சொல்லிட்டு "இப்ப அடுத்து எங்க போகணும்னு உங்க காது என்ன கேக்குது, சொல்லுங்க"ன்னு கேட்டார். நானும் காலேஜ் பசங்களும் எஃப்னு சொன்னோம், பாப்பா மட்டும் ஏ மைனர்னு சொல்லுச்சு. ரெண்டும் சரின்னார் மாஸ்டர். ரெண்டையும் வாசிச்சு காட்டிட்டு ஜி ஸ்ட்ரிங்க மட்டும் பாக்க சொன்னார். சி மேஜர்ல அது ஓபன், அடுத்த கார்டுல 1-வது ஃப்ரெட், எஃப் ஆனாலும் ஏ மைனர் ஆனாலும் 2-வது ஃப்ரெட். ஜி, ஜி ஷார்ப், ஏ. ஒரே ஸ்ட்ரிங்ல 0, 1, 2. கார்டு மூணு மாறுது ஆனா முக்கியமா நகர்றது ஒரே ஒரு குரல், அது மேல ஏறிக்கிட்டு இருக்கு, நடுப்படில நிக்கும்போது நமக்கு அந்த தொங்கல் கேக்குது. ரெண்டு வாரமா சார்ட்ட பாத்து புரியாதது அந்த ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. இந்த ஒரு விஷயத்துக்கே நான் குடுத்த 1,500 ரூபா தகும்னு மனசார சொல்றேன்.

அதுக்கு அப்புறம் தான் பேர் சொன்னார். மேஜர் கார்டுல மூணு நோட்டு, ஸ்கேல்ல ஒன்னாவது, மூணாவது, அஞ்சாவது. அந்த அஞ்சாவத அரை ஸ்வரம், அதாவது ஒரு ஃப்ரெட், ஏத்துனா ஆக்மென்டட், அதுக்கு தான் அந்த பிளஸ் குறி, சில ஷீட்ல ஆக்னு எழுதியிருப்பாங்க. சி, ஈ, ஜி ஷார்ப்.

அப்புறம் இதே 0, 1, 2 மத்த ஓபன் கார்டுல எங்க இருக்குன்னு எங்களையே தேட விட்டார், இது எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஏன்னா அவரே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு மறந்து போயிருக்கும். ஈ மேஜர்ல இருந்து ஏ-வுக்கு போகும்போது அது பி ஸ்ட்ரிங்ல நடக்குது, ஓபன், 1, 2. ஏ-ல இருந்து டி-க்கு போகும்போது சின்ன ஈ ஸ்ட்ரிங்ல (இருக்கறதுலயே மெல்லிசு) நடக்குது, அங்கயும் ஓபன், 1, 2. ஜி-ல இருந்து சி-க்கு போகும்போது டி ஸ்ட்ரிங்ல. டி-ல இருந்து ஜி-க்கு போறது மட்டும் கொஞ்சம் வேற, ஜி ஸ்ட்ரிங் 2-ல இருந்து 3, அப்புறம் அந்த ஸ்ட்ரிங்க விட்டு ஓபன் பி-க்கு தாவணும், நோட்டு வரிசை அதே தான், ஸ்ட்ரிங் மட்டும் மாறுது. இத கண்டுபிடிச்சது அந்த பேங்க் சார்.

ஜி பிளஸ்னு வந்தவுடனே என் சர்ச் பிரச்சனைய சொன்னேன். மாஸ்டர் என் கைய பாத்துட்டு இன்னொரு விஷயம் கண்டுபிடிச்சார். நான் ஜி மேஜர நாலு விரல்ல பிடிக்கிறவன், பி ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட்டும் அமுக்கியிருப்பேன், அது இன்னொரு டி நோட்டு. அதனால டி ஸ்ட்ரிங்க மட்டும் ஏத்துனா பத்தாது, மேல இருக்கற டி அப்படியே நின்னு சண்டை போடும், பி ஸ்ட்ரிங்க ஓபனா விட்டுடணும். பெரிய ஈ (தடிமனான ஸ்ட்ரிங்) 3, ஏ 2, டி 1, ஜியும் பியும் ஓபன், சின்ன ஈ 3. இது எந்த சார்ட்லயும் எழுதியிருக்காது, பக்கத்துல உக்காந்து கைய பாக்குற ஒருத்தர் தான் சொல்ல முடியும்.

ரெண்டாவது கிளாஸ் 20 நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சுது, முந்தின பேட்ச் முடியல, நாங்க மாடிப்படிலயே நின்னோம், அதுக்கு ஈடா கடைசில நேரம் நீட்டிக்கவும் இல்ல. இது குறை தான். ஆனா உள்ள நடந்தது நல்லா இருந்துச்சு.

சுவத்துல மாட்டியிருந்த கடிகாரத்த கழட்டி எங்க முன்னாடி வெச்சார். 12 மணி சி, 1 மணி சி ஷார்ப், 2 மணி டி, அப்படியே ஒவ்வொரு மணிக்கும் ஒரு நோட்டு. சி ஆக்மென்டட்னா 12, 4, 8, கோடு போட்டு சேர்த்தா சரியான சம பக்க முக்கோணம். ஈ-ல ஆரம்பிச்சா 4, 8, 12, அதே முக்கோணம். ஜி ஷார்ப்ல ஆரம்பிச்சாலும் அதே. ஆக சி ஆக், ஈ ஆக், ஜி ஷார்ப் ஆக் மூணும் ஒரே மூணு நோட்டு தான், பேர் தான் மூணு. முக்கோணத்த ஒரு மணி திருப்புனா 1, 5, 9, இன்னொரு மணி 2, 6, 10, இன்னொன்னு 3, 7, 11, அதுக்கு மேல திருப்புனா மறுபடி முதல் முக்கோணமே வந்துடுது. மொத்தமே நாலு தான் இருக்கு. நான் 60 ஷேப்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிட்டு இருந்தது வெறும் நாலு. நாலும் சேர்ந்தா 12 நோட்டும் தீந்துடும், ஃப்ரான்ஸ் லிஸ்ட்ங்கற இசையமைப்பாளர் 1854-ல எழுதின ஃபாஸ்ட் சிம்பொனி ஆரம்பமே இந்த நாலையும் ஒவ்வொரு நோட்டா உதுத்துக்கிட்டே இறங்குறது தான், மாஸ்டர் அத ஸ்பீக்கர்ல போட்டு கடிகாரத்த காட்டிக்கிட்டே கேக்க வெச்சார். கேக்க என்னவோ எந்த ஊர்ல நிக்கிறோம்னே தெரியாத மாதிரி இருந்துச்சு, ஏன்னா மூணு நோட்டுக்கும் நடுவுல இடைவெளி சமமா இருக்கறதால எது ரூட்டுன்னு, அதாவது கார்டுக்கு பேர் குடுக்கற நோட்டுன்னு, காதால சொல்லவே முடியாது, பாஸ், அதாவது அடி நோட்டு, எங்க இருக்கோ அது தான் வீடு.

கிட்டார்ல இதுக்கு ஒரு நேரடி பலன் இருக்கு. நாலு ஃப்ரெட்டுக்கு ஒரு தடவை அதே ஷேப் அதே கார்டு. டி ஸ்ட்ரிங் 3 சுண்டு விரல், ஜி 2 நடு விரல், பி 2 மோதிர விரல், சின்ன ஈ 1 ஆள்காட்டி, இது எஃப் ஆக். அப்படியே கைய நாலு ஃப்ரெட் மேல தள்ளுனா 7, 6, 6, 5, இதுவும் அதே மூணு நோட்டு. இன்னும் நாலு தள்ளுனா 11, 10, 10, 9, மறுபடி அதே. ஒரு கை அமைப்பு தெரிஞ்சா ஃப்ரெட்போர்டு முழுக்க போய்டலாம்.

இந்த ஷேப் ஏன் இப்படி இருக்குன்னும் சொன்னார், இது தான் ரெண்டாவது கிளாஸ்ல என் மனசுல ஆழமா நின்னது. ஆக்மென்டட்ல அடுத்தடுத்த நோட்டு எல்லாமே நாலு நாலு ஃப்ரெட் தூரம். கிட்டார்ல அடுத்தடுத்த ஸ்ட்ரிங் அஞ்சு ஃப்ரெட் தூரத்துல ட்யூன் ஆகியிருக்கு, அதனால ஒவ்வொரு ஸ்ட்ரிங் தாண்டும்போதும் ஒரு ஃப்ரெட் பின்னாடி வரணும். ஜி-க்கும் பி-க்கும் நடுவுல மட்டும் தூரம் நாலு தான், அங்க பின்னாடி வர வேண்டியதில்ல, ஒரே ஃப்ரெட். அதனால பெரிய ஈ-ல இருந்து 4, 3, 2, 1, 1, 0. படிக்கட்டு மாதிரி இறங்கி, ஒரு இடத்துல சமதளம், அப்புறம் இன்னொரு படி. ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஜி ஷார்ப், சி, ஈ, மறுபடி ஜி ஷார்ப், சி, ஈ. இத ஒரு தடவை கைல வாங்கிட்டா அடுத்தடுத்து இருக்கற எந்த மூணு ஸ்ட்ரிங் எடுத்தாலும் உங்களுக்கு ஒரு சின்ன ஆக்மென்டட் கார்டு கிடைக்கும்.

பேங்க் சார் வீட்டம்மா பாட்டு டீச்சராம். சார் இந்த மூணு நோட்டையும் பாடி பாத்துட்டு "மாஸ்டர், இது ச, அந்தர காந்தாரம், சுத்த தைவதம் ஆச்சே, மாயாமாளவகௌளைல இருக்கே"ன்னார். ஆமா இருக்கு. சரளி வரிசை பாடுன எல்லாரும் இந்த மூணு ஸ்வரத்தையும் சின்ன வயசுலயே தொண்டைல வாங்கியிருக்காங்க, சேர்த்து ஒரே நேரத்துல கேட்டதில்ல அவ்வளவு தான். அப்புறம் ட்யூனிங் பத்தி பேச்சு போச்சு. கிட்டார் ஃப்ரெட்ல வர்ற மேஜர் தேர்டு, அதாவது அந்த நாலு ஃப்ரெட் தூரம், 400 சென்ட், இயற்கையா காதுக்கு சுத்தமா கேக்குற தேர்டு சுமார் 386 சென்ட் தான், ஒரு ஃப்ரெட் 100 சென்ட்னு கணக்கு. சுத்தமான தேர்ட மூணு அடுக்குனா ஆக்டேவ, அதாவது மேல் ஸ்தாயி சட்ஜத்த, தொடாது, 41 சென்ட் குறையும். மூணு பக்கமும் சமமா மூடணும்னா மூணையும் கொஞ்சம் நீட்டித்தான் ஆகணும், அந்த லேசான உரசல் இந்த கார்டோட குணத்துலயே இருக்கு, உங்க கிட்டார் மேல சந்தேகப்படாதீங்கன்னார் மாஸ்டர்.

ஆனா கிட்டார் மேல சந்தேகப்பட வேண்டிய ஒரு விஷயம் அங்கயே நடந்துச்சு. கிட்டார் கொண்டு வராதவங்களுக்கு கிளாஸ்லயே ஒன்னு குடுப்பாங்க, அதுல நட், அதாவது கழுத்து நுனில ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு, உயரமா இருக்கு. முதல் ஃப்ரெட்ல ஆள்காட்டிய சாச்சு ரெண்டு ஸ்ட்ரிங் அமுக்குறது ஏற்கனவே கஷ்டம், நட் உயரமா இருந்தா இன்னும் அழுத்தணும், அழுத்துனா ஸ்ட்ரிங் இழுபட்டு நோட்டு மேல போய்டும், சாதா கார்டுல அது மறைஞ்சுடும் ஆக்மென்டட்ல மறையாது. பாப்பா கைல அந்த கிட்டார் தான் இருந்துச்சு, விரல் செவந்து போச்சு, தான் தப்பா பிடிக்கிறோம்னு நெனச்சுக்கிச்சு. மாஸ்டர் பாத்துட்டு 5-வது ஃப்ரெட்ல வாசிக்க சொன்னார், அங்க சரியா வந்துச்சு. சரி பண்ணி வெச்சிருக்கலாம், சொல்லிக்கொடுக்கற இடத்துல குழந்தை கைல குடுக்கற கிட்டார் தான் இருக்கறதுலயே நல்ல கிட்டாரா இருக்கணும், நான் இத அவர் கிட்டயே சொன்னேன், செட்டப்புக்கு குடுக்கறேன்னார்.

மூணாவது கிளாஸ் வாசிக்கிறது தான் முழுக்க. சி, சி ஆக், சி சிக்ஸ், சி செவன், ஜி ஸ்ட்ரிங்ல ஓபன், 1, 2, 3ன்னு ஒரு ஏணி. கேக்க சுகமா இருக்கும், விரல் மாத்துறது தான் சிரமம், சி சிக்ஸ்ல ஏ ஸ்ட்ரிங்குக்கு சுண்டு விரல் போய் மோதிர விரல் ஜி ஸ்ட்ரிங்குக்கு வரணும், அடுத்த சி செவன்ல திரும்ப மாறணும், எனக்கு பத்து நாள் ஆச்சு. ஈ ஆக்-ல இருந்து ஏ போறதுக்கு உதாரணமா 1969-ல வந்த பீட்டில்ஸோட ஓ! டார்லிங் போட்டார், பாட்டு ஏ மேஜர், ஆரம்பிக்கிற முதல் கார்டே ஈ ஆக். அந்த ஒரு அடில பாட்டு என்ன மனநிலைல வரப்போகுதுன்னு தெரிஞ்சுடுது.

மைனர் பக்கம் தான் அவசரமா ஓடிடுச்சு, எனக்கு இதுல வருத்தம் இருக்கு, ஏன்னா நம்ம பாட்டுங்கள்ல மைனர் எவ்வளவு. ஹார்மோனிக் மைனர்னு சொல்றது நம்ம கீரவாணி ஸ்வரங்கள் தான், ஏ-வ சட்ஜமா வெச்சா சி, ஈ, ஜி ஷார்ப் மூணும் அதுல காந்தாரம், பஞ்சமம், நிஷாதம். அந்த ஸ்கேல்ல மூணாவது ஸ்வரத்து மேல கார்டு கட்டுனா தானா ஆக்மென்டட் தான் வரும், யாரும் ஏத்த வேண்டியதில்ல. ஏ மைனர்ல இருந்து பாஸ் மட்டும் ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப்னு இறங்குற அந்த பழகின வரிசைல, ரெண்டாவது இடத்துல இந்த கார்டு உக்காரும், பெரிய ஈ 4-வது ஃப்ரெட் ஜி ஷார்ப் பாஸா, கூட நடுவுல டி 2, ஜி 1, பி 1. இத பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டார். இதுக்குன்னே இன்னொரு சனிக்கிழமை வெச்சிருந்தா 500 ரூபா சேர்த்து சந்தோஷமா குடுத்திருப்பேன்.

எழுதி குடுக்கற நோட்ஸ் எதுவும் கிடையாது, நீங்களே எழுதிக்கணும், நான் கடிகாரத்த போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். ஜன்னல் பக்கம் ரோடு, ஹாரன் சத்தம் இருக்கும், காதால கேட்டு கத்துக்கற கிளாஸுக்கு அது தொந்தரவு தான். இப்ப தான் கிட்டார் தொட்டவங்க போக வேணாம், சி, ஏ மைனர், ஜி, எஃப் இதெல்லாம் பாக்காம மாத்த வந்துட்டா போங்க, அதுக்கு முன்னாடி போனா விரலோட போராடவே நேரம் போய்டும். ஸ்கேல் தியரி எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. உங்க சொந்த கிட்டாரையே எடுத்துட்டு போங்க, போறதுக்கு முன்னாடி ட்யூனர் வெச்சு ஒரு தடவை நல்லா ட்யூன் பண்ணிக்கோங்க, முக்கியமா ஜி ஸ்ட்ரிங்.

ஈஸ்டருக்கு அதே பாட்டு மறுபடி வந்துச்சு. அந்த இடம் வந்தப்போ நான் கைய எடுக்கல, டி ஸ்ட்ரிங்ல 1-வது ஃப்ரெட்ல ஆள்காட்டி, பி ஸ்ட்ரிங் ஓபன், அங்கருந்து சி. அண்ணா கீபோர்டுல இருந்து திரும்பி ஒரு தடவை பாத்தார். முடிஞ்சதும் வந்து "அடுத்த வாரத்துல இருந்து அந்த இடத்துல நான் பாஸ் மட்டும் வெக்கிறேன், கார்டு நீயே பாத்துக்க தம்பி"ன்னார். மாஸ்டர் கிட்ட அடுத்து டிமினிஷ்ட் செவன்த் கார்டு எப்ப நடத்துவீங்கன்னு கேட்டு வெச்சிருக்கேன், அதுக்கு கடிகாரத்துல முக்கோணம் இல்ல, சதுரம்னு மட்டும் சொல்லியிருக்கார்.